பறவைக்கு ஆகாத காற்று பிள்ளைக்கும் ஆகாது

மீள்குடியேறிய எமது ஊர்களில் இன்று பல வீடுகளின் விறாந்தையில் ஒரு சிறு கூடு தொங்குவதைக் காணலாம். உள்ளே ஒரு சோடி லவ் பேட்ஸ் இருக்கும். தகப்பனை இழந்த பிள்ளைக்கு மாமன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம். பிள்ளைகளை இழந்த தாயொருவர் பேச்சுத் துணைக்கு வளர்ப்பதாகவும் இருக்கலாம். அவற்றுக்கு என்ன தீனி வைப்பது, எத்தனை தரம் தண்ணீர் மாற்றுவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். அவை மூச்சு விடும் காற்று எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

எங்கள் வீட்டில் 2013 ஆம் ஆண்டு முதல் லவ் பேட்ஸ் வளர்க்கிறோம். தொய்வுள்ள என் அம்மா, மகள், நான் என மூன்று பெண்கள் உள்ள வீடு அது. பறவைகளுக்காக வீட்டுக் காற்றைக் கவனிக்கப் பழகியதால் எங்கள் மூவருக்கும் கிடைத்த நன்மை பெரிது. அந்த அனுபவத்தையும் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிந்தவற்றையும் சகோதரிகளாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பறவையின் மூச்சு

நாம் இழுக்கும் காற்று நுரையீரலுக்குள் போய், அதே வழியால் திரும்பி வருகிறது. பறவைகளில் அப்படியல்ல. அவற்றின் சிறிய நுரையீரலோடு காற்றுப் பைகள் பல இணைந்துள்ளன. பெரும்பாலான பறவைகளுக்கு இவை ஒன்பது. இந்தப் பைகளின் உதவியால், மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் புதிய காற்று நுரையீரலின் ஊடாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். பறப்பதற்கு வேண்டிய ஒட்சிசனை இவ்வாறுதான் அவை பெறுகின்றன. ஆனால் காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதுவும் அதே வேகத்தில் உடலில் ஏறிவிடும். ஒரு லவ் பேட்ஸின் எடை 30 அல்லது 40 கிராம்தான். அந்தச் சிறிய உடல் அதிக நேரம் தாங்காது.

இதை அறிந்துதான் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கனேரிக் குருவிகளைக் கூட்டில் வைத்துக் கொண்டு சென்றார்கள். ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனை அது. சுரங்கத்தில் காபனோரொட்சைட்டு வாயு சேர்ந்தால் மனிதருக்குத் தெரியாது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குருவி முதலில் சோர்ந்து விழும். தொழிலாளர் வெளியேறித் தப்பிக் கொள்வர். 1986 ஆம் ஆண்டில் கருவிகள் அந்த இடத்தைப் பிடிக்கும்வரை குருவிகளே காவல் இருந்தன.

நாம் பறவையைக் காவலுக்கு வளர்க்கவில்லை. ஆனாலும் பறவைக்கு ஆகாத காற்று எங்கள் பிள்ளைகளுக்கும் ஆகாது என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம். பறவையைச் சில நிமிடங்களில் கொல்லும் காற்று எங்களைப் பல வருடங்களில் நோயாளியாக்கும்.

அடுப்படிப் புகை

ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். பதுங்குகுழியிலும் முகாம் கூடாரத்திலும் கிடைத்ததை எரித்துச் சமைத்தோம். அன்று புகையைப் பற்றி யோசிக்க எமக்கு வழி இருக்கவில்லை. இன்று யோசிக்கலாம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற்போக, விறகடுப்பை விட்டவர்களும் அதற்குத் திரும்பினார்கள். பலர் இன்னும் அதிலேயே சமைக்கிறார்கள்.

வீட்டுக்குள் அடுப்பு எரிப்பதால் உண்டாகும் காற்று மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் அதிக நேரம் நிற்கும் பெண்களும், அவர்களின் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகளுமே இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள்.

விறகை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கூட்டை அடுப்படியிலோ அதையொட்டிய அறையிலோ தொங்கவிட வேண்டாம். தீ மூட்டியதும் வெளியே வந்து புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பாருங்கள். அதற்கு எதிர்ப்பக்கமே கூட்டுக்குரிய இடம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கமும் வாடைக் காற்றில் மறுபக்கமுமாக வருடத்தில் இரண்டு தரம் கூட்டை இடம் மாற்றினால் போதும். மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் காற்றுக் காலத்துக்கும் இவ்வாறே இடத்தைத் தெரிந்து கொள்ளலாம். ஆனால் காற்று நேரே அடிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள்.

அடுப்பு மூட்டச் சொப்பிங் பையையோ பிளாஸ்ரிக்கையோ எரிக்க வேண்டாம். அந்தப் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. பன்னாடை, காவோலை, பொச்சு, சிரட்டை எமது வளவிலேயே கிடைக்கின்றன. விறகு நன்றாகக் காய்ந்திருந்தால் புகை பாதியாகக் குறையும். இரண்டு வாய் உள்ள அனகி மண் அடுப்புக்கு விறகும் குறைவு, புகையும் குறைவு. புதிதாக அடுப்படி கட்டுபவர்கள் கூரைக்குக் கீழே துவாரமுள்ள சீமெந்துக் கற்களை இரண்டு வரிசை வைத்தால் புகை மேலே எழுந்து வெளியேறும்.

மணமில்லாத ஆபத்து

எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒட்டாத தாச்சி ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் அதை எரிவாயு அடுப்பில் வைத்துவிட்டு, படலையில் யாரோ கூப்பிடப் போய்ப் பேசிக்கொண்டு நின்றிருக்கிறார். திரும்பி வந்தபோது வெறும் தாச்சி நன்றாகக் காய்ந்திருந்தது. பெரிய புகை ஒன்றும் இல்லை. அடுத்த அறையில் இரண்டு பறவைகளும் கூட்டின் அடியில் கிடந்தன.

“அக்கா, பாம்பு தீண்டின அடையாளமும் இல்லை, பூனையும் வரேல்லை. என்னண்டு இரண்டும் ஒண்டாச் செத்தது?” என்று அழுதுகொண்டு வந்தார். கண்ணூறு என்றார் ஒருவர். அவருடைய மகன் இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. கால்நடை வைத்தியரிடம் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. ஒட்டாத பாத்திரங்களின் உட்பூச்சு மிகையாகச் சூடேறும்போது ஒரு வாயுவை வெளிவிடும். எமக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. சிலருக்குத் தடிமன் காய்ச்சல் போல வரும். பறவையின் நுரையீரலை அது சில நிமிடங்களில் அழித்துவிடும். அந்தத் தங்கச்சி மேல் பிழையில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகையால் நாம் ஒருவருக்கொருவர் சொல்லி வைப்போம். பறவை உள்ள வீட்டில் இத்தகைய பாத்திரம் வேண்டாம். மண்சட்டி, இரும்புத் தாச்சி, அலுமினியம் போதும்.

காபனோரொட்சைட்டையும் மறக்க வேண்டாம். மூடிய அறைக்குள் கரி மூட்டுவதோ, கரி ஸ்திரிக்கைப் பெட்டியை நெடுநேரம் பாவிப்பதோ, வீட்டுக்குள் ஜெனரேற்றரை ஓட விடுவதோ உயிராபத்து. இதில் பறவையும் பிள்ளையும் ஒன்றுதான்.

நுளம்புத்திரியும் சாம்பிராணியும்

2003 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்குச் சமன் என்று கண்டது. வீட்டில் சிகரெட் பிடிக்க விடாத நாங்கள், பிள்ளையின் தலைமாட்டில் அதைக் கொளுத்தி வைக்கிறோம். நுளம்பு வலையே நல்லது. கூட்டுக்கும் பழைய வலைத்துண்டு ஒன்றைப் போர்த்தலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால், தண்ணீர் தேங்கும் சிரட்டையையும் ரயரையும் அப்புறப்படுத்துவதே அதற்கு மருந்து.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூட்டை வெளியே கொண்டுபோய், புகை அடங்கிய பின் உள்ளே எடுக்கலாம். வாசனைத் திரவியம், பெயின்ற், பூச்சி கொல்லும் மருந்து, பூச்சி உருண்டை எதையும் கூட்டருகே பாவிக்க வேண்டாம். மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் துணி வெளுக்கும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து குளோரீன் வாயு கிளம்பும். கழுவுகின்ற உங்களையே அது மயக்கிவிடும்.

பூட்டிய யன்னல்கள்

காற்றோட்டத்துக்கு யன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்வது எளிது. ஆண்துணை இல்லாத வீட்டில் பொழுதுபட்டதும் நாம் ஏன் யன்னலைப் பூட்டுகிறோம் என்பது எமக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் வீட்டில் நாங்கள் கண்ட வழி இது.

விடிந்ததும் எதிரெதிரே உள்ள யன்னல்களை ஒன்றாகத் திறப்போம். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. இரவுச் சமையலைப் பொழுதுபட முன்னர் முடித்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்து, புகை வெளியேறிய பின்னரே யன்னலைச் சாத்துவோம். கைக்கெட்டாத உயரத்தில், சுவரின் மேற்பகுதியில் துவாரம் வைத்துக் கம்பி வலை அடித்திருக்கிறோம். அதனால் ஆளும் வரமுடியாது, பாம்பும் வரமுடியாது, காற்று வரும். இவற்றின் பின் அம்மாவின் இரவு இருமல் குறைந்தது. வைத்தியசாலை மருந்தை அவர் நிறுத்தவில்லை; நீங்களும் நிறுத்த வேண்டாம்.

பறவையால் எமக்கு

காற்று கெடுவது எம்மால் மட்டுமல்ல. பறவையின் இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் எமது நுரையீரலுக்குக் கூடாது. கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியால் கிளிக்காய்ச்சல் என்ற நோயும் தொற்றலாம். காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல் என்பன அதன் அறிகுறிகள். மருந்தால் குணமாகும். ஆனால் வைத்தியரிடம் போகும்போது வீட்டில் பறவை இருப்பதைச் சொல்ல வேண்டும்.

கூட்டின் அடியில் பழைய பத்திரிகையை விரித்துத் தினமும் மாற்றுங்கள். எடுக்க முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்தபடி கூட்டிப் பெருக்கினால் தூசி பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. தொய்வுள்ளவர் படுக்கும் அறையில் கூடு இருக்கவே கூடாது.

மாரி மழையில் ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அது பறவையின் மூச்சுக்குப் பெரிய எதிரி. கூட்டைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மணம் மாறிய தினையைக் கொட்டிவிடுங்கள். கோழி வளர்க்கும் சகோதரிகள் கோழிக்கூட்டின் உயரத்துக்குக் குந்தி மூச்செடுத்துப் பாருங்கள். கண்ணும் மூக்கும் எரிந்தால் அது ஈர எச்சத்தின் அமோனியா. உடனே உமியை மாற்ற வேண்டும்.

அறிகுறிகள்

வாயைத் திறந்து மூச்சு விடுதல், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுதல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் இருத்தல், மூச்சில் சத்தம் கேட்டல், தடியிலிருந்து இறங்கி அடியில் கிடத்தல். இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் கூட்டை வெளியே நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குள் போகும். பின் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

அதேவேளை வீட்டிலுள்ள மற்றவர்களையும் பாருங்கள். யாருக்காவது தலையிடியா, கண் எரிகிறதா, குழந்தை இருமுகிறதா என்று கேளுங்கள். எல்லோரும் வெளியே வந்த பின், எது எரிந்தது, எது கொட்டியது என்று தேடலாம்.

எத்தனையோ இழப்புகளின் பின் எமது வீடுகளுக்குள் மீண்டும் ஒரு பறவையின் சத்தம் கேட்கிறது. வாங்கிக் கொடுக்க எம்மிடம் அதிகம் இல்லாவிட்டாலும் நல்ல காற்றை எம்மால் கொடுக்க முடியும். நாளை காலை அடுப்பை மூட்டியதும் வெளியே வந்து புகை எங்கே போகிறதென்று ஒருமுறை பாருங்கள். பார்த்ததைப் பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும் சொல்லுங்கள்.