விரிசல் விட்ட வில்... பிழைக்குமா, பிழைக்காதா?

ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, சின்ன வயதில் வில்வித்தை பழகியது வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 2 தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16. அவருக்கு முன்பே, ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராமும் மூங்கில் வில்லில் தொடங்கி 3 ஒலிம்பிக் போட்டிகள் வரை போனவர்.

இன்றும் நம் நாட்டில் வில்வித்தைக்கு வரும் பிள்ளைகள் பலருக்கும் முதல் வில் மரமோ மூங்கிலோதான். தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. ஒலிம்பிக்கில் பார்க்கிற ரீகர்வ் வில்லை முழு செட்டாக வாங்கினால் செலவு லட்சத்தில் போகும். கையால் செய்த மர வில் சில ஆயிரத்தில் முடியும். அந்தச் சில ஆயிரமே பெரிய தொகையாக இருக்கும் வீட்டில், வில்லில் ஒரு விரிசல் விழுந்தால் பிள்ளையின் பயிற்சியே நின்றுபோகும்.

'ஃபெவிக்விக் தடவினால் சரியாகிவிடும்' என்பார் அப்பா. 'வேண்டவே வேண்டாம், உடைந்து கண்ணில் தெறித்தால்?' என்பார் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சில விரிசல்களைச் சரிசெய்யலாம். சிலவற்றைத் தொடவே கூடாது.

முதல் வேலை, நாணைக் கழற்றுங்கள்!

விரிசலைப் பார்த்ததும் பலரும் செய்கிற தவறு, 'ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம்' என்பது. நல்ல வில்லாக இருந்திருக்க வேண்டியது இரண்டாக உடைவது பெரும்பாலும் அந்த 'ஒரே ஒரு தடவை'யில்தான். உடனே நாணைக் கழற்றி, வில்லை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வில்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு முருங்கைக்காய் போதும். அதை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபட்டு நார் பிரியும். உட்பக்கம் நெருக்குண்டு மடிப்பு விழும். வில்லும் அப்படித்தான். இலக்கைப் பார்க்கிற வெளிப்பக்கம் இழுவிசையையும், எய்பவரைப் பார்க்கிற உட்பக்கம் அழுத்தத்தையும் தாங்குகின்றன. எந்தப் பக்கம், எந்தத் திசையில் விரிசல் என்பதை வைத்தே வில்லின் ஆயுளைச் சொல்லிவிடலாம்.

நான்கு வகை விரிசல்கள்

1. நீளவாக்கில் ஓடும் விரிசல்: மரம் காயும்போது ரேகையோடு ரேகையாக விழுவது. இது விளிம்பைத் தொடாமல் நேராக ஓடினால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால், சாய்ந்து ஓடி விளிம்பில் வெளியேறினால் கவனம் தேவை. அந்த இடத்தில் மரம் பிளந்துகொண்டு வரலாம்.

2. வெளிப்பக்கம் கிளம்பும் சிலாம்பு: கொஞ்சம் பஞ்சை எடுத்து வெளிப்பக்கம் முழுக்க மெதுவாகத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத சிலாம்பிலும் பஞ்சு சிக்கிக்கொள்ளும். சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் சரிசெய்யலாம். மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் சந்தேகம்தான்.

3. உட்பக்கம் குறுக்கே விழும் மெல்லிய சுருக்கக் கோடுகள்: அந்த இடத்தில் மரநார் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். பசையால் இதை மீட்க முடியாது. வேறு வழி இருக்கிறது, கீழே பார்ப்போம்.

4. வெளிப்பக்கம் குறுக்கே விழுந்த வெடிப்பு: நார்களே அறுந்துவிட்டன. இந்த வில்லை எந்தப் பசையும் நம்பத்தகுந்ததாக மாற்றாது. குழந்தையின் கையில் மறுபடி கொடுக்காதீர்கள்.

ஒட்டுவது எப்படி?

முதல் இரண்டு வகைக்குத்தான் பசை வைத்தியம். மெல்லிய விரிசலுக்கு, தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூ நல்லது. உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விரிசல் சற்று அகலமாக இருந்தால், அரால்டைட் போன்று இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸி பசை. பூசிய பிறகு அழுத்திக் கட்டி, ஒரு முழு நாளாவது கை வைக்காமல் விட வேண்டும்.

அதற்கு மேல் நூல் கட்டு. விரிசலின் இரு முனைகளையும் தாண்டி ஓர் அங்குலம் கூடுதலாக, சுற்றோடு சுற்று ஒட்டியபடி இறுக்கிச் சுற்றி, நூல் ஊறும்படி பசை பூசுங்கள். நைலான் நூல் இழுபடும் என்பதால் பருத்தி நூலோ பட்டு நூலோ மேல். பழங்கால வில் கைவினைஞர்கள் விலங்கின் தசைநாரை வச்சிரப் பசையில் தோய்த்து வெளிப்பக்கம் ஒட்டினார்கள். காயக் காயச் சுருங்கி, மரநாரைக் கிளம்பவிடாமல் அது பிடித்துக்கொள்ளும்.

வேலையைக் குறைப்பதே வைத்தியம்

ஒட்டியதும் வில் பழைய பலத்துக்கு வந்துவிட்டதாக நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. வரவில்லை. இனி அதனிடம் குறைவாக வேலை வாங்க வேண்டும், அவ்வளவுதான். இங்கேதான் குழந்தைகள் நமக்குக் கைகொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவதே குறைந்த விசையும் குறைந்த இழுப்பும்தான்.

குழந்தையை இரு கைகளையும் விரித்து நிற்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுத்தால், அதன் இழுப்பு நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். 55 அங்குலம் என்றால் 22 அங்குலம். பெரியவர்கள் 28 அங்குலம் வரை இழுக்கிற வில்லை 22 அங்குலத்தோடு நிறுத்தினால், வளைவு குறையும். மரத்தின் மீதான பாரமும் குறையும்.

விசையைக் குறைக்க, உட்பக்கத்தை மட்டும் சீராகச் சுரண்ட வேண்டும். வெளிப்பக்கத்தில் கை வைக்கவே கூடாது. மூங்கிலில் உறுதியான நார்கள் நெருக்கமாக இருப்பதே வெளித்தோலை ஒட்டித்தான். மெதுவாகச் சுரண்டுவதும் முக்கியம். தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனாலே விசை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

சுருக்கக் கோடு விழுந்த வில்லுக்கும் இதுவே மருந்து. அந்த இடம் அளவுக்கு மீறி வளைந்ததால்தான் நசுங்கியது. அதைச் சுரண்டாமல், குறைவாக வளைகிற மற்ற இடங்களைச் சுரண்டினால் வளைவு எல்லா இடத்துக்கும் பங்காகிவிடும். இதைப் பழகிய தச்சரிடமோ, வில் செய்பவரிடமோ விடுவது நல்லது.

எத்தனை பவுண்டு இருக்க வேண்டும்? 10 வயதுப் புதுமுகத்துக்கு 10 முதல் 15 பவுண்டு போதும். சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் நாணை மாட்டி, குழந்தையின் இழுப்பு நீளம் வரை இழுத்தால் தெரிந்துவிடும். 15 பவுண்டு என்பது கிட்டத்தட்ட 7 கிலோ. ஆனால், சரிசெய்த வில்லை நேரடியாகக் கையால் இழுத்து இதைப் பார்க்கக் கூடாது. அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது.

முதல் இழுப்பு குழந்தையுடையதாக இருக்கக் கூடாது

வில்லின் பிடியைச் சுவரிலோ மரத்திலோ உறுதியாகப் பொருத்தி, நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுங்கள். கண்ணாடி அணிந்திருங்கள். முதலில் 10 அங்குலம் வரை பல முறை; பிறகு ஓர் அங்குலம், ஓர் அங்குலமாகக் கூட்டுங்கள். 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்டாலும் அந்த வில் தோற்றுவிட்டது. மறுபேச்சு வேண்டாம். தேறிய பிறகு, கொக்கித் தராசையும் அதே கயிற்றில் மாட்டி விசையைப் பார்த்துவிடலாம். பிறகு முதல் சில அம்புகளைப் பெரியவர் ஒருவர், குழந்தையின் இழுப்பு நீளத்துக்கு மிகாமல் எய்து பார்க்க வேண்டும்.

மறுபடி விரிசல் வராமல் இருக்க...

* அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பும்.
* பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்ற வேண்டும்.
* சுவரில் சாய்த்து வைக்காமல், இரண்டு ஆணிகள் மீது படுக்கை வாக்கில் வைக்கலாம்.
* வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டுவரக் கூடாது.
* அண்ணன், மாமா என்று பெரியவர்கள் வாங்கி முழு நீளத்துக்கு இழுத்துப் பார்ப்பதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.
* வாரம் ஒருமுறை பஞ்சு சோதனை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் வளர்கிறார்கள். இந்த வருடம் 22 அங்குலம் இழுக்கும் கை, அடுத்த வருடம் 24 அங்குலம் இழுக்கும். சரிசெய்த வில்லுக்கு அந்த 2 அங்குலம் எமனாகலாம். அதனால் அம்பில் 22 அங்குலத்தில் ஒரு வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். அந்த டேப் கைப்பிடியைத் தாண்டி உள்ளே வரத் தொடங்கினால், வில்லுக்கு ஓய்வு கொடுக்கும் நாள் வந்துவிட்டது.

அதற்குள் அடுத்த வில்லுக்கான பணத்தைச் சேர்க்க வீட்டுக்கு ஒரு வருடம் கிடைத்திருக்கும். பயிற்சியும் நின்றுபோயிருக்காது.