நூலகக் கணக்கை வீட்டிலிருந்தே கவனியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் வீட்டில் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் ஒருவர் இருப்பார். அவர் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர் என்றால், உங்கள் கம்ப்யூட்டரில் செய்யக்கூடிய உபயோகமான வேலை ஒன்று இருக்கிறது. நூலகத்தில் அவர் பெயரில் உள்ள கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் அது. பத்து நிமிடம் போதும்.

நான் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாததால் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் முடித்து, வேலையும் கிடைத்திருந்த நேரம். புரொவிஷனல் சர்டிஃபிகேட் வாங்க 'நோ டியூஸ்' படிவத்தில் கையெழுத்துக்காக நூலகத்திற்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்கள் பேரில் ஒரு புத்தகம் ஐந்து மாதமாக நிற்கிறதே தம்பி" என்றார். அபராதம் புத்தகத்தின் விலையைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தை நான் செமஸ்டர் தேர்வுக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று கூட்டம் அதிகம். மேஜையில் இருந்த புத்தகக் குவியலின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் அதை ஸ்கேன் செய்யவில்லை. மாடிக்கு ஓடி, அலமாரியில் தேடி, அதே புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். பிறகு விண்ணப்பம் எழுதி, அபராதத்தை நீக்கி, கையெழுத்து வாங்குவதற்குள் வேலையில் சேர வேண்டிய தேதி போய்விட்டது. நல்லவேளையாக அடுத்த பேட்சில் சேர்த்துக்கொண்டார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

நூலக சாஃப்ட்வேருக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஸ்கேன் செய்ததுதான் தெரியும். உங்கள் அட்டையில் ஒரு பார்கோடு, புத்தகத்தில் ஒரு பார்கோடு. இரண்டையும் ஸ்கேன் செய்தவுடன் 'இந்தப் புத்தகம், இவரிடம், இந்தத் தேதி வரை' என்று டேட்டாபேஸில் ஒரு வரி பதிவாகும். திருப்பும்போது புத்தகத்தை மட்டும் ஸ்கேன் செய்வார்கள். உடனே அந்த வரி நடப்புப் பட்டியலிலிருந்து பழைய பட்டியலுக்கு மாறிவிடும். ஸ்கேன் செய்யாவிட்டால், புத்தகம் அலமாரிக்கே போய்ச் சேர்ந்தாலும் கணக்கில் உங்கள் பெயரிலேயே நிற்கும். அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டுக் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் 'கோஹா' என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-ல் உருவாக்கப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. 'கோஹா' என்றால் மாவோரி மொழியில் பரிசு என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி, இது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். இதை வைத்தே கீழே விளக்குகிறேன். உங்கள் நூலகத்தில் வேறு சாஃப்ட்வேர் இருந்தால் பெயர்கள் சற்று மாறலாம். வேலை ஒன்றுதான்.

கணக்கைத் திறப்பது எப்படி?

கல்லூரி இணையதளத்தில் நூலகப் பக்கத்திற்குப் போய் 'ஓபாக்' என்ற இணைப்பைக் கிளிக் செய்யுங்கள். நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாக் இதுதான். சில நூலகங்களில் இது வளாகத்திற்குள் மட்டுமே திறக்கும். வீட்டிலிருந்து திறக்கவில்லை என்றால் நூலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். யூசர்நேமாகப் பெரும்பாலும் நூலக அட்டை எண் இருக்கும். பாஸ்வேர்டை நூலகத்தில் தருவார்கள். முதல் முறை நுழைந்தவுடன் அதை மாற்றிவிடுங்கள்.

உள்ளே முதலில் தெரிவது 'சம்மரி' பக்கம். இதில் பார்க்க வேண்டியவை:

1. செக்டு அவுட்: உங்கள் பெயரில் உள்ள புத்தகங்களும் அவற்றைத் திருப்ப வேண்டிய தேதிகளும் இங்கே இருக்கும். தேதி எழுதும் முறையைக் கவனியுங்கள். அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். 05/06 என்பதை ஜூன் 5 என்று நினைத்தால், அது மே 6 ஆக இருக்கக்கூடும்.

2. ரினியூ: இன்னும் சில நாள் வேண்டுமென்றால் இதைக் கிளிக் செய்யுங்கள். வேறு ஒருவர் அதே புத்தகத்திற்கு முன்பதிவு செய்திருந்தாலோ, அனுமதித்த தடவை முடிந்திருந்தாலோ, அபராத பாக்கி வரம்பைத் தாண்டியிருந்தாலோ ரினியூ ஆகாது. கிளிக் செய்ததோடு விட்டுவிடாமல், புதிய தேதி திரையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. சார்ஜஸ்: அபராத விவரம் இங்கே இருக்கும். கட்டியபின் பாக்கி பூஜ்யம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பிளேஸ் ஹோல்டு: தேடும் புத்தகம் வேறொருவரிடம் இருந்தால் இதன் மூலம் முன்பதிவு செய்யலாம். புத்தகம் திரும்பி வந்ததும் உங்களுக்காக எடுத்து வைப்பார்கள். இந்த வசதியைத் தருவது அந்தந்த நூலகத்தின் விருப்பம்.

மெயில் தகவல்கள்

அடுத்து 'பெர்சனல் டீட்டெயில்ஸ்' பகுதியில் உள்ள ஈமெயில் முகவரியைச் சரிபாருங்கள். நான் முதலாம் ஆண்டில் கொடுத்த முகவரியைப் பிறகு திறப்பதே இல்லை. நூலகத்திலிருந்து நினைவூட்டல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

'மெசேஜிங்' பகுதி உங்கள் நூலகத்தில் இருந்தால் இரண்டு டிக் அவசியம். ஒன்று 'அட்வான்ஸ் நோட்டீஸ்'. கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பு மெயில் வர வேண்டும் என்பதை நீங்களே தேர்வு செய்யலாம். இன்னொன்று 'ஐட்டம் செக்-இன்'. புத்தகத்தை ஸ்கேன் செய்து திரும்பப் பெற்றுக்கொண்டதற்கு மெயில் வரும். அதை அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் ரசீது.

பாஸ்வேர்டு ஜாக்கிரதை

நூலகக் கணக்கில் திருட என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதே பாஸ்வேர்டில்தான் பல பல்கலைக்கழகங்களில் விலை உயர்ந்த ஆய்விதழ்கள் திறக்கும். பல்கலைக்கழகக் கணக்குகளைத் திருடியதாக 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் 9 பேர் மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் மட்டும் 144 பல்கலைக்கழகங்கள் குறி வைக்கப்பட்டதாக அதில் கூறப்பட்டது. "உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகிறது, உடனே கிளிக் செய்யுங்கள்" என்று மெயில் வந்தால் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். நூலக முகவரியை ஃபேவரிட்ஸில் சேர்த்து வைத்து, எப்போதும் அதன் வழியாகவே போங்கள். பிரவுசிங் சென்டரிலோ நண்பர் கம்ப்யூட்டரிலோ திறந்தால் 'லாக் அவுட்' செய்ய மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. புத்தகத்தைத் திருப்பும்போது 'பீப்' சத்தம் கேட்கும் வரை கவுண்டரிலேயே நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கணக்கைத் திறந்து, அந்த வரி போய்விட்டதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். ஒரு நாளில் சொன்னால், அலமாரியில் பார்த்துவிட்டு அங்கேயே சரிசெய்துவிடுவார்கள். ஐந்து மாதம் கழித்துச் சொன்னால், என்னைப் போல் விண்ணப்பத்தோடு அலைய வேண்டியதுதான். இன்று மாலையே உங்கள் வீட்டு மாணவரை அழைத்து அருகில் உட்கார வைத்து, அவர் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.