குழித்தலைத் திருகாணிகளும் அவற்றின் பயனும்

நீர் இறைக்கும் யந்திரம், இரு சில்லு உழவு யந்திரம், சூடடிக்கும் பொறி முதலியன இன்று நமது கமங்களிற் பெருகியுள்ளன. இவற்றின் பாகங்களைப் பிணைக்கும் ஆணிகள் சிலவற்றின் தலையில் அறுகோணக் குழி ஒன்று இருப்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். இவையே குழித்தலைத் திருகாணிகள். பட்டறைகளில் இவற்றை அலன் போல்ட் என்றும், இவற்றை முடுக்கும் வளைந்த அறுகோணக் கம்பியை அலன் சாவி என்றும் கூறுவர்.

இவ்வாணிகள் பரவியமைக்கு விபத்துகள் ஒரு முக்கிய காரணமாகும். முன்னர் ஆலைகளிற் சுழலுந் தண்டுடன் கப்பியைப் பிடித்துவைத்த ஆணியின் சதுரத் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதில் உடை சிக்கி அங்கம் இழந்தோரும் உயிர் இழந்தோரும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் ஹாட்ஃபோர்ட் நகரில் வில்லியம் அலன் என்பவர் அறுகோணக் குழியுடைய ஆணிகளைச் செய்யும் முறைக்கு 1910 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். சாறமும் சேலையும் அணிந்து யந்திரத்தருகே நிற்கும் நமக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

வகைகள்

1. உருளைத் தலை ஆணி: தலையின் விட்டம் ஆணியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அல்லது சற்று மேல்; உயரம் ஆணியின் விட்டத்துக்குச் சமன். மிகுந்த இறுக்கம் வேண்டிய இடங்களுக்கு உகந்தது. தலையில் 12.9 எனப் பொறித்திருப்பின், அவ்வுருக்கு சதுர மில்லிமீற்றருக்கு 1200 நியூற்றன் இழுவிசை தாங்கும் தரத்தது.

2. குவிந்த தலை ஆணி: தலை தாழ்ந்தது; குழியும் ஆழமற்றது. காப்புத் தகடு, மூடி ஆகியவற்றுக்கு ஏற்றது. பெருஞ்சுமை தாங்கும் இடத்தில் இதனை இடலாகாது.

3. சரிவுத் தலை ஆணி: 90 பாகைச் சரிவுடைய துளையினுள் அமர்ந்து மேற்பரப்புடன் சமமாக நிற்கும்.

4. தலையில்லா ஆணி: கப்பி, பற்சில்லு ஆகியவற்றைத் தண்டுடன் பிடித்துவைப்பது. கிண்ண முனை தண்டினைக் கடித்துப் பிடிக்கும். தட்டை முனை தண்டில் அதிகம் வடுச் செய்யாது. கூர் முனையும் முளை முனையும் தண்டிற் குடைந்த குழியிற் பொருந்துவன.

5. தோள் ஆணி: புரிக்கு மேல் வழுவழுப்பான தோள் உடையது. நெம்புகோல், இழுவைக் கப்பி ஆகியன சுழல்வதற்கு அச்சாக உதவும்.

பொருத்தமான சாவி

6 மில்லிமீற்றர் ஆணியாயின், உருளைத் தலைக்கு 5, குவிந்த தலைக்கும் சரிவுத் தலைக்கும் 4, தலையில்லா ஆணிக்கு 3 மில்லிமீற்றர்ச் சாவி வேண்டும். 8 மில்லிமீற்றர் ஆணிக்கு இவை முறையே 6, 5, 4 ஆகும். 10 மில்லிமீற்றர் ஆணிக்கு 8, 6, 5 ஆகும்.

பழைய ஆங்கிலேய யந்திரங்களில் அங்குல அளவுகள் உள்ளன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். அக்குழியில் 6 மில்லிமீற்றர்ச் சாவியை இட்டு முறுக்கினால் மூலைகள் மழுங்கிவிடும். பின்னர் ஆணியைத் துளைத்தே எடுக்க நேரும். ஆகவே இரு அளவுச் சாவிகளையும் வெவ்வேறாக வைத்திருத்தல் நன்று.

பேணும் முறை

சேற்றில் உழுத யந்திரத்தின் ஆணிக் குழிகளில் மண் இறுகியிருக்கும். முதலில் அதனைக் கூரிய கம்பியாற் கிண்டித் துப்புரவாக்குக. சாவி குழியின் அடிவரை இறங்கிய பின்னரே முறுக்குக. சாவியின் முனை உருண்டுவிட்டால், தேய்ந்த பகுதியைச் சாணைக்கல்லில் நீர் தொட்டு நேராகத் தேய்த்து நீக்கலாம். சாவியிற் குழாய் மாட்டி முறுக்குதல் கூடாது.

கரிய உருக்காணிகள் ஈரத்தில் எளிதிற் துருப்பிடிக்கும். குழியில் சிறிது கிறீஸ் நிரப்பி வைத்தால் நீர் தேங்காது. பசளையும் உவர்நீரும் படும் இடங்களுக்குத் துருவேறா உருக்காணி சிறந்தது. ஆயினும் அது 12.9 தர ஆணியளவு வலிமையுடையதன்று.

எச்சரிக்கை

சில பொறிகளில், சுமை மிகும்போது தான் உடைந்து மற்றைய பாகங்களைக் காக்கவென்றே மெல்லிய ஆணி ஒன்று இடப்பட்டிருக்கும். அது அடிக்கடி உடைகின்றதென்று வலிய குழித்தலை ஆணியை அங்கு இடுதல் பெருந்தவறு. அடுத்து உடைவது பற்சில்லாகவோ தண்டாகவோ இருக்கும். அதற்குரிய ஆணியையே வாங்கி இடுக; அடிக்கடி உடைவதற்கான காரணத்தையும் ஆராய்க.

துருத்திய தலையுடைய ஆணி எதுவும் சுழலுந் தண்டில் இருப்பின், அதே புரியும் நீளமும் உடைய தலையில்லா ஆணியை மாற்றியிடுக. ஆயினும் கப்பிக்கும் பட்டிக்கும் உரிய காப்புத் தகட்டினை ஒருபோதும் கழற்றி வைத்தலாகாது. எந்த ஆணியைத் தொடுமுன்னும் யந்திரத்தை நிறுத்துக.