கணக்கை மறுபடி ஒரு கை பார்த்தாள்!

"அம்மா, கணக்கு காலை வாரி விட்டுடுச்சும்மா!"

சென்னையில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்ததும் என் மகள் போனில் சொன்ன முதல் வார்த்தை இது. இங்கே கும்பகோணத்தில் அவளுடைய மூன்று வயதுக் குழந்தை என் இடுப்பில். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. "சரி, முதல்ல ஏதாவது சாப்பிட்டியா?" என்றேன். வேறென்ன கேட்பது?

அவள் எழுதியது ஜி.ஆர்.ஈ. என்கிற தேர்வு. அமெரிக்காவிலும் இன்னும் சில நாடுகளிலும் மேற்படிப்புக்கு இடம் கேட்கிறவர்கள் எழுதுவது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்போது இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் என் மகள் ஆசைப்படுவது புள்ளியியல் சார்ந்த படிப்பு. அங்கே கணக்கு மதிப்பெண்ணைக் கூர்ந்து பார்ப்பார்கள். 130-லிருந்து 170 வரை போடுகிற மதிப்பெண்ணில் அவளுக்குக் கிடைத்தது 152. ஆங்கிலத்தில் 157.

கல்யாணம், குழந்தை என்று ஆறு வருஷம் புத்தகத்தையே தொடாதவள். "இருபதாயிரத்துக்கு மேலே கட்டி இன்னொரு தடவையா? குழந்தையைக் கவனிக்கச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. மாப்பிள்ளைதான் பெங்களூரிலிருந்து, "அவ எழுதட்டும் அத்தை" என்றார்.

21 நாள் இடைவெளி விட்டால் மறுபடி எழுதலாம். 12 மாதத்துக்குள் ஐந்து தடவை வரை அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறதே என்று 22-ம் நாளே ஓடினால் பழைய மதிப்பெண்தான் வரும். என் மகள் இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டாள்.

முதல் வாரம் தலையணை கனத்தில் மூன்று புத்தகம் வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. "ரசம் சரியில்லைன்னா உப்பா புளியான்னு பார்ப்போமா, இல்லே அடுப்பையே மாத்துவோமா? எங்கே மார்க் போச்சுன்னு முதல்ல பாரு" என்றேன்.

தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை எழுதிப் பார்த்தாள். 27 கணக்கில் 12 தப்பு. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொன்னேன். உண்மையில் தெரியாதது நாலுதான். மற்ற எட்டும் அவசரம்!

ஒரு கேள்வி எனக்கே விளங்கியது. ஓர் எண், அதை அதனாலேயே பெருக்கினால் வருவது இன்னொன்று. எது பெரியது? "பெருக்கினதுதான்" என்று போட்டிருக்கிறாள். எண் 5 என்றால் 25, சரிதான். அரை என்றால்? அரையில் அரை கால்! குறைந்துவிட்டதே. ஒன்று என்றால் இரண்டும் சமம். ஆக, 'தீர்மானிக்க முடியாது' என்பதுதான் விடை. இப்படி இரண்டை ஒப்பிடச் சொல்லும் கேள்விகள் நிறைய வருமாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றிலும் பூஜ்யம், ஒன்று, பின்னம், கழித்தல் எண் நாலையும் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டாள்.

சதவீதமும் அப்படித்தான். 20 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 10 சதவீதம் என்றால் 30 என்று நினைத்துவிடுகிறோம். நூறு ரூபாய்ப் புடவை முதலில் 80, அதில் பத்து சதவீதம் 8, ஆக 72. மொத்தத் தள்ளுபடி 28-தான். ஜவுளிக்கடைக்காரர்கள் இதைப் புத்தகம் இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

திரிகோணமிதி, கால்குலஸ் எல்லாம் இந்தத் தேர்வில் கிடையாது. கூட்டல், பின்னம், இயற்கணிதம், வடிவியல், சராசரி, நிகழ்தகவு இவைதான். எதிர்வீட்டுப் பையனின் பழைய எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது கணக்குப் புத்தகங்களை வாங்கி வந்தோம். மறந்துபோன அந்த நாலு விஷயங்களும் அதிலேயே கிடைத்தன. தலையணைப் புத்தகங்கள் பரணுக்குப் போயின.

நேரத்துக்கு என்ன செய்வது? கணக்குப் பகுதி இரண்டு: 12 கேள்விக்கு 21 நிமிஷம், 15 கேள்விக்கு 26 நிமிஷம். கூட்டினால் 47. குழந்தை விழிப்பது ஆறு மணிக்கு. ஐந்து பத்துக்கு உட்கார்ந்தால் முடித்துவிடலாம். நான் அலாரம் வைத்து மணி பார்ப்பேன். முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதி எளிதா கடினமா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அதனால் முதல் 12-ல் கவனம் சிதறவே கூடாது. ஒன்றில் மாட்டிக்கொண்டால் குறித்து வைத்துவிட்டு மேலே போய், நேரம் முடிவதற்குள் திரும்பி வரலாம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விட வேண்டாம். திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் 15 பெருக்கல் 4-க்கு அதைத் தேடுவது வீண் நேரம்.

காலையில் நடப்பது எட்டு மணிக்கு ஒரு தடவை. குழந்தை தூங்கும் மத்தியானத்தில் தப்பான கணக்குகளை மட்டும் மறுபடி போடுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் நோட்டே திறக்கவில்லை. "எல்லாம் மறந்துடுச்சும்மா" என்று அழுதாள். மறக்கவில்லை, இரண்டு நாளில் திரும்ப வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எந்த நாள் எழுதிய மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு நாளின் கணக்கையும் இன்னொரு நாளின் ஆங்கிலத்தையும் ஒட்டுப் போட முடியாது. ஆகவே ஆங்கிலத்தை அடியோடு விட்டுவிடக் கூடாது. இவள் கொஞ்சம் விட்டுத்தான் விட்டாள்.

பதிவு செய்யும்போது பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தவர்கள் ஒரு தடவைக்கு இரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நடுவில் இடைவேளை கிடையாது. எழுந்து போனால் கடிகாரம் நிற்காது. கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுத்துவிட்டு உள்ளே போவது நல்லது.

இரண்டாம் தடவை கணக்கில் 160. ஆங்கிலம் 154-க்கு இறங்கிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம்தான். வீட்டுக்காரர், "எட்டு மார்க்குக்கா இருபதாயிரம்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் போய் 160 என்று சொல்லிவிட்டு வந்தார்.

மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். குழந்தையை ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். அதனால் இந்த வருஷமே விண்ணப்பம் போடுவதா, அடுத்த வருஷமா என்று இரண்டு பேரும் இரவில் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.