ரிக் ராய்ப்பூரில், கணக்கு திருச்செங்கோட்டில்

திருச்செங்கோட்டு முதலாளிகளின் போர்வெல் ரிக் வண்டிகள் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகத் துளை போட்டுக்கொண்டிருக்கும். அன்றன்றைய அடிக்கணக்கும் டீசல் கணக்கும் மட்டும் இங்கே ஆபீஸில், ஒரே கம்ப்யூட்டரில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏறிக்கொண்டிருக்கும். நாமக்கல் கோழிப்பண்ணை, சங்ககிரி லாரி ஆபீஸ், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டி என்று எங்கே பார்த்தாலும் இதே ஏற்பாடுதான். முதலாளி வெளியூரில், ஆடிட்டர் சேலத்தில், கணக்கு ஒரு பெட்டிக்குள். அந்தப் பெட்டியைத் தூரத்திலிருந்து திறக்க முடியாத நாளில் போன் வரும்: “நேத்து வரைக்கும் நல்லா வேல செஞ்சுதுங்கண்ணா, இன்னைக்கு கனெக்ட்டே ஆகமாட்டேங்குதுங்க.”

டீ ஒன்று சொல்லிவிட்டு உட்காருங்கள். பொறுமையாகப் பார்த்தால் இது பிடிபடாத விஷயமே அல்ல. பதற்றத்தில் கண்ட செட்டிங்கையும் மாற்றுகிறவர்கள்தான் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

எதில் கனெக்ட் செய்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வழி இரண்டு இருக்கிறது. விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் ஒன்று. 1998-இல் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரோடு வந்தது இது. இரண்டு கம்ப்யூட்டர்கள் நேருக்கு நேர் பேசும். வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது இணைப்புக்கான எண்ணிட்ட வாசலில். விண்டோஸ் ஹோம் பதிப்பு போட்ட கம்ப்யூட்டரை இந்த வழியில் வெளியிலிருந்து திறக்க முடியாது, புரோ பதிப்பு வேண்டும். புரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். ராய்ப்பூரிலிருந்து முதலாளி அதே பயனர் கணக்கில் உள்ளே வந்தால், ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் திரை பூட்டிக்கொள்ளும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பே அப்படி. இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது வழிக்குப் போக வேண்டும்: டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வு மென்பொருள்கள்.

இந்த இரண்டாவது வழி நம் ஊர் லாரி புக்கிங் ஆபீஸ் மாதிரி. லோடுக்காரருக்கு வண்டியைத் தெரியாது, வண்டிக்காரருக்கு லோடைத் தெரியாது. புக்கிங் ஆபீஸ் இருவரையும் பேச வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். நேரே சந்திக்க வழியில்லாதபோது சரக்கைத் தன் குடோனில் இறக்கி வேறு வண்டியில் மாற்றி அனுப்பும். எனிடெஸ்க் மாதிரியான மென்பொருளின் சர்வரும் முதலில் இரண்டு கம்ப்யூட்டர்களையும் நேராகச் சேர்த்துவைக்கப் பார்க்கும். முடியாவிட்டால் திரையில் வரும் படம் முழுவதையும் தன் வழியாகவே கடத்தும். இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

கோளாறு தேடுவதை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். கம்ப்யூட்டர் ஓடுகிறதா? கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போயிருக்கும். யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கி அணைந்திருக்கும். சாயங்காலம் கரண்ட் வந்தாலும் யாராவது பொத்தானை அமுக்கும் வரை பெட்டி எழுந்திருக்காது. கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. சர்வீஸ் செய்கிறவரிடம் சொல்லி அதைப் போட்டுவிடுங்கள். ஸ்லீப்புக்குப் போவதையும் நிறுத்திவிடுங்கள். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யு.பி.எஸ்.ஸில் ஒரு பிளக் ஒதுக்குங்கள்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் அடுத்த சோதனை ஆபீஸுக்குள்ளேயே. அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து திறந்து பாருங்கள். பிங் (கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று நெட்வொர்க்கில் தட்டிப் பார்ப்பது) போட்டுப் பதில் வரவில்லை என்று மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் தராது, ரிமோட் டெஸ்க்டாப் நன்றாகவே திறக்கும். உள்ளே திறந்து வெளியிலிருந்து மட்டும் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் சரியாக இருக்கிறது, கோளாறு ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ. வெளியிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஆபீஸ் வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியை அடிக்கக் கூடாது. பல ரூட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வரும் அந்தச் சுற்றை அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதித்தால்தான் கணக்கு.

இனித்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் 192.168.1.5 போன்ற ஐ.பி. எண் அந்த ஆபீஸுக்குள் மட்டும் செல்லும். வெளியுலகம் அறிவது ரூட்டரின் பொது எண்ணை. அந்த எண்ணின் 3389-க்கு வருவதை உள்ளே இந்தக் கம்ப்யூட்டருக்குத் தள்ளு என்று ரூட்டரில் எழுதுவதைத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்பு அது நடந்தது. ஆனால் பழைய முறை ஐ.பி. எண்கள் உலகுக்கே மொத்தம் 429 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கத் தொடங்கின. அதற்கென்றே 2012-இல் 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்களை ஒதுக்கினார்கள். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வேன் (WAN) முகவரி என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே இந்த வரிசையில் எண் இருந்தால் உங்களுக்கென்று தனிப் பொது எண் கிடையாது. உங்கள் ரூட்டருக்கு மேலே நிறுவனத்தின் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் நீங்கள் எதையும் எழுத முடியாது. “நேத்து வரைக்கும் வேல செஞ்சுதுங்க” என்பதற்குப் பின்னால் சில சமயம் இருப்பது இதுதான்: இணைப்பை மாற்றியிருப்பார்கள், புது இணைப்பு இந்த வகையாக இருக்கும்.

பணம் கட்டி நிலையான ஐ.பி. எண் வாங்கலாம். ஆனால் கணக்குக் கம்ப்யூட்டரின் 3389-ஐ உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். திறந்த போர்ட்டுகளைத் தேடிக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸுக்குள் புகுந்துவிடக்கூடியது அது. ஆதரவு நின்று ஐந்து வருடமான எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகத் திருத்தம் வெளியிட்டது. உள்ளே புகுந்தவன் டேலி கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், ரிக்கின் மூன்று வருட அடிக்கணக்கை எங்கே போய்த் தேடுவீர்கள்?

போர்ட்டைத் திறக்காமல் வெளியிலிருந்து உள்ளே வர வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை நல்ல வழி. வயர்கார்ட் என்ற வி.பி.என். முறையின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்றவை பொது எண் இல்லாத ஆபீஸையும் எட்டிவிடும், எதையும் வெளியே திறந்து வைக்க வேண்டாம். டெயில்ஸ்கேல் தரும் எண்ணும் 100-இல்தான் தொடங்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். சாதாரண வி.பி.என்.னில் இன்னொரு சிக்கல் வரும்: வீட்டிலும் ஆபீஸிலும் 192.168.1 வரிசையே இருந்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தேடிப் போகும் இணைப்பு உங்கள் வீட்டு டிவியில் போய் நிற்கும். ஆபீஸ் வரிசையை 192.168.57 என்பதுபோல மாற்றிவிட்டால் தீர்ந்தது.

கனெக்ட் ஆகிறது, ஆனால் மவுஸ் பின்னாலேயே வருகிறது என்பது இன்னொரு புகார். திரையின் படம் ஆபீஸிலிருந்து வெளியே போகிறது. ஆகவே பார்க்க வேண்டியது ஆபீஸின் அப்லோட் வேகம். அது நன்றாக இருந்தும் இழுத்தால் புக்கிங் ஆபீஸ் குடோனை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ராய்ப்பூரிலிருந்து திருச்செங்கோடு நேராகப் போனால் 1,200 கிலோமீட்டர். கிளிக் போய்ப் படம் திரும்ப நொடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அதுவே 7,000 கிலோமீட்டர் தள்ளி ஐரோப்பாவில் இருக்கும் சர்வர் வழியாக வந்தால் அதைப்போல பத்து மடங்குக்கும் மேல் ஆகும். நேர் இணைப்பா, சர்வர் வழியா என்று பல மென்பொருள்கள் காட்டும். பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் திரை பகிரும்போது வங்கிச் செயலி மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். பார்க்க முடியாதபடி வங்கியே செய்து வைத்த பாதுகாப்பு அது. இந்த மென்பொருள்களை வைத்து ஏமாற்றுகிறவர்கள் பெருகியதால்தான் 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. வங்கியிலிருந்தோ கரண்ட் ஆபீஸிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, ஒரு செயலியை ஏற்றி அதில் தெரியும் எண்ணைச் சொல்லச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். அந்தச் செயலியை நீக்குவதும் கடவுச்சொற்களை மாற்றுவதும் அதற்கு அடுத்த வேலை.