அறுந்து விழுந்ததை எறிந்துவிடாதீர்கள்

1994ஆம் ஆண்டு. வட இந்தியாவில் ஒரு கமக்காரக் குடும்பம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் பின்னல், ஓடிக்கொண்டிருந்த சூடடிக்கும் இயந்திரத்தில் அகப்பட்டது. கண் இமைக்கும் நேரத்தில் அவளது தலைத்தோலும் முகமும் இரண்டு துண்டுகளாகப் பிடுங்கப்பட்டன. தாய் பார்த்துக்கொண்டிருக்கவே இது நடந்தது.

அந்த நிலையில் நாம் என்ன செய்திருப்போம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். கீழே கிடந்ததைப் பார்க்கவும் அஞ்சியிருப்போம். அந்தக் குடும்பத்தவர்களோ அதைப் பொறுக்கி ஒரு பையில் இட்டு, பிள்ளையோடு பஞ்சாப் மாநிலத்தின் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். டொக்டர் ஏப்ரகாம் தோமஸ் தலைமையிலான சத்திரசிகிச்சைக் குழு அவளது முகத்தை அவளுக்கே மீண்டும் பொருத்தியது. முழு முகமும் தலைத்தோலும் இவ்வாறு பொருத்தப்பட்டது உலகிலேயே அதுதான் முதற்தடவை என அறியப்படுகிறது. தழும்புகள் எஞ்சின, ஆனால் முகம் அவளுடையதாகவே இருந்தது. பின்னாளில் அவள் தாதியர் பயிற்சிக்குச் சென்றாள்.

வாய்க்காலும் வடிகாலும்

தோலோடு தோலை வைத்துத் தைத்தால் போதாதா என்று நாம் கேட்கலாம். மிகச் சிறிய துண்டானால் சிலவேளை அப்படியே பிடித்துக்கொள்ளும். பெரிய துண்டு இரத்தம் கிடைக்காமல் கறுத்து அழுகிவிடும். வயல் செய்யும் எமக்கு இது விளங்காததல்ல. வாய்க்காலில் நீர் வராவிட்டால் பயிர் காயும். வடிகால் இல்லாவிட்டால் பயிர் அழுகும். உடலிலும் இரத்தத்தைக் கொண்டுவரும் நாடியும் வேண்டும், திருப்பிக் கொண்டுபோகும் நாளமும் வேண்டும்.

முகத்திலுள்ள இக்குழாய்களிற் பல ஒரு மில்லிமீற்றர் அகலமும் இல்லாதவை. வைத்தியர்கள் நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்து, தலைமயிரிலும் மெல்லிய நூலால் அவற்றைத் தைக்கிறார்கள். 1976இல் பிடுங்கப்பட்ட தலைத்தோலும், நாய் கடித்துப் பிரிந்த மேலுதடும் மூக்குப் பகுதியும் இம்முறையால் பொருத்தப்பட்ட செய்திகள் வெளியாயின. ஒரேயொரு நாடி சரியாக இணைந்ததால் தலைத்தோல் முழுவதும் பிழைத்ததும் உண்டு.

நாளங்களை இணைப்பதுதான் கடினம். அவை மிக மெல்லியவை. 1985இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், நாய் கடித்துப் பிரிந்த சிறுவனொருவனின் காது பொருத்தப்பட்டபின் இரத்தம் தேங்கி நீலம் பாரித்தது. டொக்டர் ஜோசப் அப்டன் மருத்துவ அட்டைகளை விட்டு அந்தத் தேக்கத்தை வடியச் செய்தார். காது பிழைத்தது. இதை வாசித்துவிட்டுக் குளத்து அட்டையை எவரும் காயத்தில் விடவேண்டாம். அட்டையின் குடலில் கிருமிகள் உண்டு. வைத்தியசாலையில் வளர்த்த அட்டையை விடும்போதுகூடக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கிறார்கள்.

நம் கையில் உள்ளவை

1. முதலில் உயிர். காயப்பட்டவர் உணர்வோடிருந்தால் முன்னே சாய்ந்திருக்கச் செய்யுங்கள். மயங்கினால் பக்கவாட்டில் கிடத்துங்கள். இரத்தம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடாது.

2. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

3. அறுந்த துண்டு எவ்வளவு சிதைந்திருந்தாலும் தேடி எடுங்கள். மண் இருந்தால் சுத்தமான நீரால் மெதுவாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம்.

4. ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் நீரும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். சதையில் ஐஸ் நேரே படக்கூடாது. சதை நீரில் ஊறவும் கூடாது. ஐஸ் இல்லையென்று காத்திருக்கவும் வேண்டாம்.

5. உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க அது தடையாகும்.

6. விபத்து நடந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள். துண்டு கையில் இருப்பதை முதலில் காணும் வைத்தியரிடமே சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும்போது அதுவும் கூடவே போகவேண்டும்.

எல்லாத் துண்டுகளையும் பொருத்த முடியாது. அதை முடிவு செய்யவேண்டியவர் வைத்தியர். களத்தில் நிற்கும் நாம் அல்ல.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. சூடடிக்கும் இயந்திரத்தருகே போகும்போது கூந்தலை முடிந்து துணியால் கட்டுங்கள். சேலைத் தலைப்பையும் சால்வையையும் இறுகச் செருகுங்கள். இயந்திரத்தை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

லூதியானாவில் சத்திரசிகிச்சை செய்த கைகளைப் பற்றி உலகம் பேசியது. அதற்கு முன், அந்த முகத்தை எறிந்துவிடாமல் எடுத்துவந்த கைகள் இருந்தன. அவை எம்மைப் போன்ற கமக்காரரின் கைகள்.