காளைக்கன்றுக்கு ஒரு வரி

போன வருஷம் வைகாசியில் எங்கள் ஜெர்சி கலப்பின மாடு மூன்றாவது ஈத்துக் கன்று போட்டது. பால் கறக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "காளைக்கன்னுங்களா சார்? அடடா" என்றார். பத்தாம் நாள் வியாபாரி வந்தார். அவர் கேட்ட விலை, அந்தக் கன்று அதுவரை குடித்த பாலுக்குக்கூடக் காணாது. முந்தைய ஈத்துக் காளைக்கன்றை அவரிடம்தான் கொடுத்தேன். எங்கே போகும் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

1980-களில் வங்கியில் இருந்தபோது, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் நிறையக் கொடுத்திருக்கிறேன். பால் வரவு, தீவனச் செலவு, காப்பீடு, தவணை எல்லாம் கணக்கில் வரும். காளைக்கன்றுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. பிறப்பதில் பாதி காளை என்று தெரிந்தும் நான் கேட்டதில்லை.

இதே சிக்கல் அயர்லாந்திலும் உண்டு. 2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்திக்கு வைத்திருந்த உச்சவரம்பை எடுத்தது. பால்மாடுகள் பெருகின, கூடவே யாருக்கும் வேண்டாத காளைக்கன்றுகளும் பெருகின. பால் இனத்துக் காளைக்குச் சதைப்பிடிப்பு குறைவு. அதனால் பண்ணையாளர்கள் மந்தையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நல்ல மாடுகளுக்குப் பால் இன விந்து. அதிலும் பாலினம் பிரித்த விந்து போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிதான். மீதி மாடுகளுக்கு ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு போன்ற இறைச்சி இனத்து விந்து. அந்தக் கலப்புக் கன்றுக்குச் சதைப்பிடிப்பும் கூடும், விலையும் கூடும். ஆனால் கன்று பெரிதானால் ஈனும்போது தாய்க்கு ஆபத்து. அதனால், சுலபமாக ஈனும் கன்றைத் தருகிற காளையாகப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள், முக்கியமாகத் தலைச்சன் கிடேரிக்கு.

நாமும் ஆங்கஸ் ஊசி போடலாமா? வேண்டாம். நம் மாடு சிறியது, வெயில் அதிகம், சதைக்குத் தரம் பார்த்து விலை தரும் சந்தையும் நம் ஊர்ப்பக்கம் இல்லை. ஆனால் அவர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. கன்று பிறந்த பிறகு "அடடா" சொல்லாமல், சினை ஊசிக்கு முன்பே கணக்குப் போடுகிறார்கள்.

நம் கணக்கு இப்படி இருக்கலாம். நன்றாகக் கறக்கும் கலப்பின மாட்டுக்குப் பாலினம் பிரித்த விந்து கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுப் பாலும் நிலத்துக்குச் சாணமும் போதும் என்றால் காங்கேயம், உம்பளச்சேரி மாதிரி நாட்டு மாடே நல்லது. அதில் காளைக்கன்றும் உழைக்கும். எதைச் செய்தாலும், காளை பிறந்தால் என்ன செய்வது என்று முன்னாடியே முடிவு செய்துவிடுங்கள்.

இந்தக் கன்றை நான் கொடுக்கவில்லை. கலப்பினத்துக்குத் திமில் எடுப்பாக இல்லை, நுகத்தடி சரியாக உட்காராது, உழவுக்கு ஆகாது. தினம் ஏழெட்டு கிலோ சாணம் போடுகிறது, அது மட்கு உரக் குழிக்குப் போகிறது. தீவனச் செலவைக் கழித்தால் நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் என் கணக்கு நோட்டில் இப்போது அதற்கும் ஒரு வரி இருக்கிறது. அடுத்த சினை ஊசிக்கு முன்னால் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.